ஒட்டுவாரொட்டி வார்டு

டிரைவிங் பள்ளியில் எல்லாரும் அவளைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதற்கு முன்னால் "பிரேக்!" என்று ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்துக்கு வண்டி நிற்கும், எதிரே வரும் வண்டி நிற்கும், பழக வந்தவரின் மூச்சும் கொஞ்சம் நிற்கும். அறுபது வயதில் வண்டி பழக வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கூட "அக்கா, அக்கா, லாரி வருதுக்கா!" என்றுதான் அலறுவார். அவளுக்கு வயது இருபத்தொன்பது.

இப்படி ஊரையே நிறுத்தக்கூடியவளுக்கு ஐந்து மாதமாக மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. முகவாயில் நாலைந்து முரட்டு முடி முளைத்ததையும் சொல்லவில்லை. சிக்னலில் வண்டி நிற்கும்போது கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து ஒன்றைப் பிடுங்குவாள். பச்சை விழுந்தால் மிச்சம் அடுத்த சிக்னலுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறவர்கள், அக்கா பின்னால் வரும் வண்டியை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறாள் என்று வியந்தார்கள்.

பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க உடல் தகுதிச் சான்று வேண்டியிருந்தது. ரத்தம் கொடுத்தாள். கண் பார்வை, காது, சர்க்கரை எல்லாம் ஒழுங்கு. கொலஸ்ட்ரால் மட்டும் இருநூற்று ஐம்பத்திரண்டு. அதைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டிருந்தார்கள்.

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் பத்து வயசுலேயே சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே தாளை வாங்கிய அம்மா, எண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"உங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு எண்ணு சொன்னாங்க."

அப்பா நாற்பத்தெட்டு வயதில், தொழிற்சாலை வாசலில், உள்ளே போகும் வரிசையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். இருபத்தொன்பதிலிருந்து நாற்பத்தெட்டு வரைக்கும் எண்ணி முடிக்க இரண்டு கை விரல்களும் போதவில்லை. இருந்தாலும் அது அவளுக்குக் குறைவாகத்தான் பட்டது.

"மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

"இல்லம்மா. அஞ்சு மாசமாச்சு."

"அஞ்சு மாசமா வாயில என்ன வெச்சிருந்த? நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற."

பெரிய ஆஸ்பத்திரி எட்டு மாடி. வாசலில் 'உங்கள் நலமே எங்கள் கவலை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் கவலையை ஒவ்வொரு மாடியும் தனித்தனியாகப் பட்டுக்கொண்டிருந்தது என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும்.

பதிவு ஜன்னலில் இருந்தவர் தலை நிமிராமல் "என்ன உடம்புக்கு?" என்றார்.

"மாசம் தள்ளிப்போகுது சார். முகத்துல முடி முளைக்குது. கொலஸ்ட்ராலும் கூடியிருக்கு."

"ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. இங்க ஒரு கட்டம்தான் இருக்கு."

"மூணுமே எனக்குத்தான் சார்."

"இருக்கட்டும். அதுல உனக்குப் பிடிச்சது ஒண்ணு சொல்லு."

அவள் முதலாவதைச் சொன்னாள். மகளிர் துறைக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்தார்.

மகளிர் துறையில் மூன்று மணி நேரம் காத்திருந்தபின் ஸ்கேன் எடுத்தார்கள். துறைத் தலைவி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருபத்தாறு வயதுப் பயிற்சி டாக்டர் ஒருத்தி, தலைவி சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளைச் சின்ன டாக்டர் என்றார்கள்.

"சினைப்பையில முத்து கோத்த மாதிரி நீர்க்கட்டி. அழகா வரிசையா இருக்கு" என்றார் தலைவி. "கல்யாணம் ஆச்சா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப ஒண்ணும் அவசரமில்ல. கல்யாணம் பண்ணிக்கிட்டு, குழந்தை வேணும்னு தோணும்போது வாங்க."

"டாக்டர், எனக்கு இப்பத்தானே உடம்பு சரியில்ல?"

"நீங்க சொல்றது வாஸ்தவம். ஆனா எங்களுக்கு வேலை அப்பத்தான் ஆரம்பிக்குது. எங்க துறையோட வெற்றியை நாங்க தொட்டில் கணக்குலதான் காட்டுறோம். உங்களை இன்னிக்குக் குணப்படுத்தினா அதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது, சொல்லுங்க?"

அவள் கொலஸ்ட்ரால் தாளை நீட்டினாள்.

தலைவி அதைத் தொடவில்லை. "இது ரத்தத்துல இருக்கு. ரத்தம் உடம்பு பூரா ஓடுது. உடம்பு பூராவும் நாங்க பார்க்க முடியுமா? நாங்க தொப்புளுக்குக் கீழே, தொடைக்கு மேலே. ஹார்மோன் எதுவோ குளறுபடின்னா அது சுரப்பித் துறை. நாலாவது மாடி."

சின்ன டாக்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். தலைவி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பிறகு மேசையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்துச் சீட்டில் குத்தினாள்: 'எடையைக் குறைக்கவும்.'

சுரப்பித் துறைத் தலைவர் வயதானவர், நிதானமானவர், பேச்சில் பிரியமுள்ளவர். அவளை உட்காரச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ரத்தம் எடுக்கச் சொல்லி, வந்த ஹார்மோன் அறிக்கையை அவர் பிரித்துப் படித்தார்.

"கவனமாக் கேளும்மா. உன் சினைப்பை, ஆம்பளைக்குச் சுரக்க வேண்டிய ஹார்மோனைக் கொஞ்சம் கூடுதலாச் சுரக்குது. அதனாலதான் முடி."

"அப்ப நீங்க பார்ப்பீங்களா சார்?"

"அங்கதான் சிக்கல். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால எனக்கும் மகளிர் துறைக்கும் ஒரு ஒப்பந்தம் ஆச்சு. தைராய்டு எனக்கு, சினைப்பை அவங்களுக்கு. கணையத்துக்காக இன்னும் பேச்சு நடக்குது. உன் ஹார்மோன் இருக்கே, அதுக்குப் பொறந்த வீடு அவங்களுது, புகுந்த வீடு என்னுது."

"அப்ப யாருதான் சார் பார்க்கறது?"

"பொண்ணு இப்போதைக்கு நடுத்தெருவுல நிக்குதுன்னு வெச்சுக்க." தன் உவமை அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை சொன்னார். பிறகு அவள் முகவாயைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "முடி தோலுக்கு வெளிய வந்துட்டா அது தோல் துறைக்குச் சொந்தம். உள்ள இருக்கிறவரைக்கும் எனக்குச் சொந்தம். நீ பிடுங்கறது தப்பு, எல்லைத் தகராறு வரும்" என்றார்.

அவரும் முத்திரை குத்தினார். அதே முத்திரைதான், மை மட்டும் ஊதா.

ஆறாவது மாடியில் 'கொழுப்புத் துறை' என்று பலகை தொங்கியது. உள்ளே நுழைந்து, இரண்டு பேர் வள்ளென்று விழுந்த பிறகு, பெயர்ப்பொருத்தம் பிடிபட்டது. ஆனால் கணினியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மட்டும் தங்கமான மனுஷர். விவரங்களைத் தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது: 'இந்த நோயாளி இந்த நோய்க்குத் தகுதியற்றவர்.'

"பொம்பளை, இருபத்தொம்பது. கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குதும்மா. மாசாமாசம் வர்ற வயசுல பொம்பளைக்குக் கொழுப்பு ஏறாதுன்னு இதுல எழுதி வெச்சிருக்காங்க."

"எனக்குத்தான் வர்றதில்லையே!"

"வரலைன்னா அது மகளிர் துறை."

"அங்கிருந்துதான் சார் சுத்திச் சுத்தி வர்றேன்."

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு அரை மணி நேரம் ஆம்பளையா இருந்துக்கறீங்களா?"

"என்னது?"

"உங்க நல்லதுக்குத்தான். வயசு அம்பத்தி நாலுன்னு போட்டுட்டா கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசாது. ஜம்முனு கதவைத் தொறந்துவிடும்."

காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று தலையாட்டினாள். கதவு ஜம்மென்று திறந்தது.

கொழுப்புத் துறைத் தலைவர் அங்கே எடுத்த கொழுப்பு அறிக்கையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. பார்ப்பது அவர் வழக்கமில்லை. எண்ணில் எல்லாம் தெரியும் என்பது அவர் கொள்கை.

"சிகரெட்டை விடுங்க."

"எனக்கு அந்தப் பழக்கமே இல்ல சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. குரலே மாறிப்போச்சு பாருங்க. கெட்ட கொழுப்பு கூட, நல்ல கொழுப்பு குறைச்சல், இன்னொண்ணும் கூட. அடுத்த தடவை உங்க மனைவியைக் கூட்டிக்கிட்டு வாங்க. சமையல்ல எண்ணெயைக் குறைக்கச் சொல்லணும். உங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

மூன்றாவது முத்திரை பச்சை மையில் விழுந்தது. சீட்டில் இப்போது வெள்ளை இடம் இல்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"எண்ணெயைக் குறைக்கணுமாம். என் பொண்டாட்டிகிட்ட சொல்லச் சொன்னாங்க."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. இவள் எட்டிப் பார்த்தபோது, அடுப்பு மேடைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"அவருக்கும் இப்படித்தான். இந்த மாடி, அந்த மாடின்னு அலைய விட்டாங்க. நான்தான் கூடப் போனேன். கடைசில, வேலைக்கு லீவு இல்லைன்னு நிறுத்திட்டாரு. நீ நிறுத்திடாதடி."

"நிறுத்தறது என் தொழில்தான். ஆனா இதை நிறுத்த மாட்டேன்" என்றாள் மகள்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கணினியில் ஒருவர் ஒரு முறை ஆணாகிவிட்டால் பெண்ணாகத் திரும்புவது அவ்வளவு சுலபமில்லை. மகளிர் துறையின் ஸ்கேன் அறிக்கை அவள் பதிவில் போய்ச் சேர்ந்தபோது அது இப்படி இருந்தது: 'நோயாளி: ஆண். வயது: 54. கருப்பை: இயல்பான அளவு. சினைப்பைகள்: இரண்டும் உள்ளன, வீங்கியுள்ளன.' கீழே நாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. மாதக் கடைசியில் பொழுது போகாத ஒரு பதிவேட்டு ஊழியர்தான் அதைப் படித்தார். நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார்.

இயக்குநருக்கு விஷயம் போனது. அவர் ஒன்பது வருடமாக அந்த நாற்காலியில் இருந்தார். ஆஸ்பத்திரி உலகப் புகழ் பெறாதது ஒன்றுதான் அவருக்கு மனக்குறை. அன்று மாலையே உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தார். பிரேக் அக்காவுக்குத் தடித்த உறையில் கடிதம் வந்தது: 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சினைப்பை தொடர்பாகத் தங்களைச் சந்திக்க ஆவலாக உள்ளோம்.'

எட்டாவது மாடியில் குளிரூட்டப்பட்ட கூட்ட அறை. நீள மேசையைச் சுற்றி மூன்று துறைத் தலைவர்கள். சுவரோரம் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டு அதிகாரி. அவரை எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிடுவார்கள், அவரும் வந்து தூங்குவார். மூலையில் கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் பெண். தேநீர் கொண்டுவரும் அம்மாள். கோப்புகளைத் தூக்கி வந்த சின்ன டாக்டர்.

இயக்குநர் எழுந்து நின்று பேசினார். "நண்பர்களே! நோயாளிகள் வருவார்கள், போவார்கள். ஆஸ்பத்திரி மட்டுமே நிரந்தரம். இன்று அந்த நிரந்தரத்துக்கு ஒரு கிரீடம் கிடைத்திருக்கிறது. அந்த மாமனிதரை உள்ளே அழைக்கிறேன்."

பிரேக் அக்கா உள்ளே வந்து நின்றாள். எல்லாரும் அவளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்கள்.

"ஐயா எங்கம்மா? நீங்க அவர் மனைவியா?"

"ஐயாவும் நான்தான் சார். பொண்டாட்டியும் நான்தான். உங்க கம்ப்யூட்டர்கிட்ட கேளுங்க." நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். குமாஸ்தாவைக் காட்டிக்கொடுக்காமல், 'கை தவறிப்போச்சு' என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

அறையில் துக்கம் விசாரிக்க வந்த வீட்டின் அமைதி நிலவியது. இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப... உலகத்துலேயே முதல் கேஸ் இல்லையா?"

அவரே தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். "பரவாயில்ல. ஒரே ஆளுக்கு மூணு துறையிலும் வேலை. இதுவும் அபூர்வம்தான். யார் எடுத்துக்கறீங்க?"

"கட்டி எங்களுது. கொழுப்பு வேண்டாம்" என்றார் மகளிர் துறைத் தலைவி.

"கொழுப்பு எங்களுதுதான். ஆனா பொம்பளைக் கொழுப்புக்கு எங்ககிட்ட படிவம் இல்ல" என்றார் ஆறாம் மாடி.

"படிவம் நான் தர்றேன். எனக்குக் கணையத்தைக் குடுத்துடுங்க" என்றார் சுரப்பித் துறைத் தலைவர், பன்னிரண்டு வருட ஆசையோடு.

"அது எப்படிங்க, பேச்சுவார்த்தையில இருக்கிற கணையத்தை நீங்க..."

"பிரேக்!"

குரல் எட்டு மாடிக்கும் கேட்டிருக்கும். மேசை நின்றது. தொற்றுநோய் அதிகாரி விழித்துக்கொண்டார்.

"எனக்கு வந்திருக்கிறது என்ன வியாதி? இதனால எங்கப்பா மாதிரி நானும் பொட்டுனு போயிடுவேனா, மாட்டேனா? எங்கம்மா வீட்டுல விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்காங்க. யாராவது ஒரே ஒருத்தர் சொல்லுங்க. ஒருத்தர் போதும்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "பதட்டப்படாதீங்கம்மா. இது ரொம்ப அபூர்வமான கேஸ். இந்த ஆஸ்பத்திரி வரலாற்றுலேயே நாங்க இப்பத்தான் முதல் முறையாப் பார்க்கிறோம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஐயா" என்றாள் மூலையிலிருந்த பெண். "எனக்கும் இதேதான் இருக்கு. இதே கட்டி, இதே முடி. நாலு வருஷமா."

தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்தாள். ஒடிசலான உடம்பு, காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருந்தாள். "எனக்கும்தான் சாமி, கல்யாணத்துக்கு முன்னாலேருந்து. இங்கதான் காட்டினேன். எடையைக் குறைன்னு முத்திரை குத்திக் குடுத்தாங்க. நான் நாப்பத்தி நாலு கிலோ. எதைக் குறைக்கறது, எலும்பையா?"

கோப்புகளை மார்போடு அணைத்துப் பிடித்திருந்த சின்ன டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் காது மடல்கள் சிவந்திருந்தன. "எனக்கும் இருக்கு சார். பத்துப் பொண்ணுல ஒருத்திக்காவது இருக்கும். இது அபூர்வமே இல்ல."

இயக்குநர் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இந்தம்மா உள்ள வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"இருபது நிமிஷம் சார்" என்றார் தொற்றுநோய் அதிகாரி.

"இருபது நிமிஷத்துல மூணு பேருக்கா!"

அதிகாரிக்கு அவர் வேலைக் காலத்தில் கிடைத்த முதல் வேலை அது. துள்ளி எழுந்தார். பத்து நிமிடத்தில் அறைக்கு மருந்து அடித்தார்கள். 'நோய் ஒட்டுவாரொட்டியாக இருக்கலாம் என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது' என்ற தீர்மானத்தை, நோய் ஒட்டிய தட்டச்சுப் பெண்ணையே தட்டச்சு செய்ய வைத்து, தாளை இடுக்கியால் வாங்கிக்கொண்டார்கள். மூன்று துறைத் தலைவர்களுக்கும் இது தொற்றில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் தீர்மானத்தில் 'தொற்று' என்ற சொல் ஏறிவிட்டால் அது தொற்றுநோய்ப் பிரிவின் சொத்து. அடுத்தவர் துறையில் மூக்கை நுழைப்பது அங்கே அநாகரிகம்.

நாலு பெண்களையும் தரைத்தளத் தனிமை வார்டில் ஏழு நாள் அடைத்தார்கள். யாரும் இதுவரை படுக்காத கட்டில்கள். மெத்தைமேல் பிளாஸ்டிக்கூடக் கிழிபடவில்லை. வாசலில் கையுறை, முகமூடியோடு ஒரு காவலாளியை நிறுத்தினார்கள்.

காவலாளி கதவைச் சாத்தியதும் பிரேக் அக்கா தன் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். ஸ்கேன், ஹார்மோன் அறிக்கை, கொழுப்பு அறிக்கை, எண் வட்டமிட்ட அந்த முதல் தாள். சின்ன டாக்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அந்த நாலு தாளும் ஒன்றையொன்று சந்தித்தது அப்போதுதான்.

"அக்கா, உங்களுக்கு மூணு வியாதி இல்ல. ஒண்ணுதான்."

"அதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் சின்ன டாக்டர். "பயம். மேடம் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குப் படிப்பு முடியும்." தாளில் விரலை வைத்துத் தொடர்ந்தாள். "உடம்புல இன்சுலின்னு ஒண்ணு சுரக்குது. உங்க உடம்பு அது சொல்றதைச் சரியாக் கேக்க மாட்டேங்குது. கேக்கலைங்கறதால இன்னும் ஜாஸ்தியாச் சுரக்குது. அந்த ஜாஸ்திதான் சினைப்பையைத் தூண்டிவிட்டு ஆம்பளை ஹார்மோனைக் கூட்டுது. முட்டை முழுசா முத்தாம அப்படியே நின்னுபோகுது. அதனால மாசம் வரல, முடி முளைக்குது. அதே இன்சுலின் ஈரல் பக்கம் போயி கொழுப்பையும் கூட்டிவிடுது."

பிரேக் அக்கா யோசித்தாள். "கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுக்கிற மாதிரி."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுக்கா."

"என்ஜின் கத்தும், வண்டி நகராது. நகரலையேன்னு பழகறவன் இன்னும் மிதிப்பான். புகைதான் வரும். தினம் பார்க்கிறேன்."

"அப்படியேதான்!" என்றாள் சின்ன டாக்டர். "புகைதான் உங்க கொழுப்பு."

"எங்கப்பாவுக்கும் இதே புகைதானா?"

"அப்பாவுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்க வீட்டுல இருக்குங்கறதால உங்களுக்கு இதை லேசா விடக் கூடாது. இப்பவே பார்த்துட்டா அடக்கி வெக்கலாம்க்கா. போகாது, ஆனா அடங்கும். அம்மாகிட்ட எண்ணறதை நிறுத்தச் சொல்லுங்க."

பிரேக் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தேநீர் அம்மாள் எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தாள்.

மறுநாள்தான் விதிப்புத்தகம் தன் வேலையைக் காட்டியது. தனிமை வார்டு நோயாளியை எந்தத் துறைக்கும் அனுப்பக் கூடாது. துறைகள்தான் வார்டுக்கு வர வேண்டும். வார்டிலிருந்து ஒரு தாளும் வெளியே போகக் கூடாது. ஆகையால் எல்லாரும் கட்டில் தலைமாட்டில் தொங்கும் ஒரே அட்டையில்தான் எழுத வேண்டும். விதியை எழுதியவருக்கு இப்படி ஒரு நன்மை விளையும் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டார்.

முகமூடி போட்ட மூன்று துறைத் தலைவர்களும் ஒரே கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். முகம் பாதி மறைந்திருந்ததால் யார் எந்தத் துறை என்ற கௌரவமும் பாதி மறைந்திருந்தது. சுரப்பித் துறைத் தலைவர் இன்சுலினுக்கு ஒரு மாத்திரை எழுதினார். மகளிர் துறைத் தலைவி எட்டிப் பார்த்து, "அட, அப்ப இந்த மாத்திரையைச் சேர்த்தா மாசமும் ஒழுங்காகும்" என்று கீழே எழுதினார். ஆறாம் மாடிக்காரர் முதல்முறையாக நோயாளியின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க பொம்பளையா?"

"ஆமா சார்."

"அப்ப சிகரெட்டு?"

"இல்ல சார்."

"அப்ப எதனால..." என்று இழுத்தவர், அட்டையில் மற்ற இருவரும் எழுதியதைப் படித்தார். நிதானமாக, உதட்டை அசைத்துப் படித்தார். "மூணு மாசம் நடக்கட்டும், சாப்பாட்டை ஒழுங்கு பண்ணட்டும். மறுபடி ரத்தம் பார்த்துட்டு, தேவைப்பட்டா மட்டும் கொழுப்பு மாத்திரை" என்று எழுதினார். பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தவரைத் தேநீர் அம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். முத்திரை மறுபடி பைக்குள் போனது.

இந்தச் செய்தி எட்டு மாடிக்கும் பரவியது. ஒரே இடத்தில், ஒரே அட்டையில், மூன்று துறையும் நடந்துவந்து பார்க்கிறதாம்! மூன்றாம் நாள் காலையில் ஸ்கேன் எடுக்கும் பெண் தனிமை வார்டு வாசலில் வந்து நின்றாள். "எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள். காவலாளி பின்வாங்கி வழிவிட்டார். அடுத்து ஊசி போடும் இரண்டு சிஸ்டர்கள். அடுத்து கொழுப்புத் துறைக் குமாஸ்தா, தன் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு. டிரைவிங் பள்ளியில் வண்டி பழகும் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர், "அக்கா பக்கத்துல உக்காந்ததால வந்துருச்சுங்க" என்று சத்தியம் செய்தார்கள். பிரேக் அக்காவின் அம்மா தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இடம் போதுமா என்று கவலைப்பட்டாள். ஏழாம் நாள் உள்ளே முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

தொற்றுநோய் அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் தொற்று வந்துகொண்டிருக்கும்வரை வார்டை மூட விதியில்லை. முதல் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பி, வாரம் ஒரு நாள் 'தொற்றுக் கண்காணிப்பு'க்கு வரச் சொன்னார். எல்லாரும் சந்தோஷமாக வந்தார்கள்.

பிரேக் அக்கா காலையில் முதல் பாடத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் நடந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நடந்து வருவதைப் பார்த்து ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மூன்றாவது மாதம், வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த தலைமையாசிரியரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். "வந்துருச்சும்மா" என்றாள். அந்தப் பக்கம் அம்மா அழுதாள். இந்தப் பக்கம், எது வந்தது என்று தெரியாத தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி லாரியைத் தேடினார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் இருநூற்று ஐம்பத்திரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும். இறங்கும் என்றார் ஆறாம் மாடிக்காரர், முகத்தைப் பார்த்து. முகவாய் முடி மட்டும் மசியவில்லை. அதற்கு இன்னும் ஆறு மாதமாவது பிடிக்கும் என்று சின்ன டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள்.

ஆண்டு விழாவில் இயக்குநர் பேசினார். "ஒரு கொடிய ஒட்டுவாரொட்டி இந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. அதை ஒரே வார்டுக்குள் அடக்கினோம். இதுவரை ஒரு ஆண்கூடப் பாதிக்கப்படவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்." பலத்த கைதட்டல் எழுந்தது. மூன்று துறைத் தலைவர்களுக்கும் கேடயம் கொடுத்தார்கள். அவரவர் தனித்தனி மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

வார்டு மட்டும் இன்றுவரை திறந்துதான் இருக்கிறது. போன வாரம் வெளியூர்க்காரி ஒருத்தி, கையில் ஸ்கேன் உறையோடு அதன் வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார்.

"இங்க எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கறாங்கன்னு சொன்னாங்க. ஆனா ஒட்டுனவங்களை மட்டும்தான் விடுவாங்களாமே. எனக்கு இது தானா வந்ததுங்க, யாருகிட்டருந்தும் ஒட்டல."

காவலாளி முகமூடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கதவை அகலத் திறந்தார்.

"அதனால என்னம்மா? உள்ள போய் உக்காருங்க. ரெண்டு நிமிஷத்துல ஒட்டிக்கும்."